தாளின் ஈரத்தைப் படிக்கக் கற்ற இரண்டு நாட்கள்

கடந்த ஐப்பசியில், மயிலாப்பூரில் ஓர் ஓவியர் தம் வீட்டு மாடியில் நடத்திய நீர்வண்ணப் பயிலரங்கில் கலந்துகொண்டேன். சனி, ஞாயிறு இரு நாட்களுக்கும் சேர்த்து 4,500 ரூபாய் கட்டணம். தாள், வண்ணம், தூரிகை, மதிய உணவு எல்லாம் அதில் அடக்கம். மூன்று ஆண்டுகளாக வீட்டிலேயே காணொளிகளைப் பார்த்து வரைந்து பழகியும், வானத்துக்கு வண்ணம் பூசும்போதெல்லாம் திட்டுத்திட்டாகக் கறை விழுவதை என்னால் நிறுத்த முடியவில்லை. அந்த ஒரு குறை தீர்ந்தால் போதும் என்றுதான் போனேன். தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பயிலரங்கின் மதிப்பில் பெரும்பகுதி அந்த முதல் அரைநாளில்தான் இருக்கிறது.

முதல் நாள் காலையில் படம் எதுவும் வரையவில்லை. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த பருத்தித் தாளை உள்ளங்கையளவு துண்டுகளாக வெட்டி ஆளுக்கு ஆறு கொடுத்தார் ஆசிரியர். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நனைத்துவிட்டு, நான்கு நிமிடத்துக்கு ஒரு துண்டாக, ஒவ்வொன்றின் மேலும் அல்ட்ராமரைன் நீலத்தை ஒரே ஒரு முறை தொட்டுவைக்கச் சொன்னார். நீர் கண்ணாடிபோல் பளபளத்துக்கொண்டிருந்த முதல் துண்டில் வைத்த வண்ணம் உருவமே இல்லாமல் கரைந்து ஓடியது. பளபளப்புத் தணிந்து பட்டுத்துணியின் மினுமினுப்பாக மாறியிருந்த மூன்றாவது துண்டில், வண்ணம் வைத்த இடத்திலேயே நின்று, விளிம்பு மட்டும் மென்மையாகப் பரவியது. மேகத்துக்கும் தொலைவில் தெரியும் மரங்களுக்கும் வேண்டிய ஈரம் இதுதான். மினுமினுப்பும் போய், பார்வைக்குக் காய்ந்ததுபோல் தோன்றினாலும் புறங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிகிற ஐந்தாவது துண்டில், என் மூன்று ஆண்டுக் கறை அப்படியே எழுந்து வந்தது. பாதி காய்ந்த பரப்பில் அதைவிட ஈரமான தூரிகை பட்டால், புதிய நீர் உலர்ந்த பக்கம் நோக்கிப் பரவும்போது அங்கே படிந்திருந்த நிறமித் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் சேர்க்கிறது. காலிஃபிளவர் பூவின் விளிம்புபோல் சுருள்சுருளாக ஒரு கறை நிலைத்துவிடுகிறது. வானத்தைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு நான் ஒவ்வொரு முறையும் செய்துவந்தது இதைத்தான்.

அன்று வெளியே மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆறாவது துண்டு இருபது நிமிடம் ஆகியும் முழுதாகக் காயவில்லை. மின்விசிறியைப் போடலாமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டார். “வேண்டாம்மா, ஒரு ஓரம் காய்ந்துபோகும், இன்னொரு ஓரம் குளமாக நிற்கும். எதை நம்பிப் பிரஷை வைப்பீர்கள்?” என்று ஆசிரியர் மறுத்துவிட்டார். எந்த இடத்திலும் அவர் நிமிடக் கணக்கைச் சொல்லித்தரவில்லை. தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, சன்னல் வெளிச்சம் அதன்மீது சாய்வாக விழும்படி பிடித்து, மினுமினுப்பைப் பார்க்கப் பழக்கினார். சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி ஈரத்துக்கும் ஒரே கணக்குப் பொருந்தாத சென்னையில், நீர்வண்ணம் கற்பவருக்கு இதைவிட அடிப்படையான பாடம் வேறு இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

மதியத்துக்குப் பின், ஒரே சீராக வண்ணம் பூசும் வாஷ் பயிற்சி நடந்தது. பலகையின் தலைப்பக்கத்துக்கு அடியில் ஒரு புத்தகத்தை வைத்துச் சற்றே சாய்த்துக்கொண்டு, 12ஆம் எண் உருண்டைத் தூரிகையில் வண்ணத்தை நிறைய எடுத்து இடமிருந்து வலமாக ஓர் இழுப்பு இழுத்தால், அதன் கீழ்விளிம்பில் நீர் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியைத் தொட்டுக் கீழே கூட்டிக்கொண்டு வர வேண்டும். கடந்துவந்த வரிக்கு ஒருபோதும் திரும்பப் போகக் கூடாது. என் கை இரண்டு முறை தானாகவே மேலே போனது. மூன்றாவது தாளில்தான் கறையில்லாத ஒரு வானம் எனக்கு வாய்த்தது. அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

வண்ணங்களைப் பற்றிய பகுதி சுருக்கமாக இருந்தாலும் செறிவாக இருந்தது. கறுப்பு வண்ணக் குழாயே மேசையில் இல்லை. அல்ட்ராமரைனையும் செம்பழுப்பு நிறமான பர்ன்ட் சியன்னாவையும் கலந்தால், விகிதத்தைப் பொறுத்துக் குளிர்ந்த சாம்பலிலிருந்து வெதுவெதுப்பான பழுப்பு வரை கிடைக்கிறது. அல்ட்ராமரைன் துகள்கள் தாளின் பள்ளங்களில் தங்குவதால் அந்தச் சாம்பலில் கருங்கல்லின் சொரசொரப்பும் தானாகவே வந்துவிடுகிறது. குழாயின் மேலுள்ள கவர்ச்சியான பெயரை நம்பாமல் உள்ளே இருக்கும் நிறமி எது என்பதைக் காட்டும் நிறமி எண்ணைப் படிக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன். ஈரத் தூரிகையால் ஓரளவு ஒற்றி எடுத்துவிடலாம். பிபி 15 என்றால் தாலோ நீலம். தாளில் ஊறிவிட்டால் எளிதில் போகாது. பிஆர் 83 என்று அச்சிட்டிருந்தால் அது பழைய அலிசரின் சிவப்பு. வெளிச்சத்தில் மங்கும் என்பதால், மாட்டிவைக்கும் படத்துக்கு அதைத் தவிர்த்து, எளிதில் மங்காத குவினாக்ரிடோன் நிறமியான பிவி 19 வாங்கச் சொன்னார்.

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எங்களைக் கபாலீசுவரர் கோயில் குளத்தின் மேற்குப் புறம், ராமகிருஷ்ண மடம் சாலையோரம் அழைத்துச் சென்றார். நல்லவேளையாக மழை விட்டிருந்தது. சூரியன் கோயிலுக்குப் பின்னாலிருந்து எழுவதால், அந்நேரத்தில் குளத்தைப் பார்த்து நிற்கும் மேற்குக் கோபுரத்தில் சிற்பம் எதுவும் கண்ணுக்குத் தனித்துத் தெரியாது. கோபுரமே ஊதா கலந்த சாம்பலில் ஒற்றை உருவமாக நிற்கும். அந்த வேளையைத் தேர்ந்தெடுத்ததில் ஆசிரியரின் அனுபவம் தெரிந்தது. நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்களை வரைய முயன்று களைத்துப்போகாமல், வானத்துக்கும் கோபுரத்துக்கும் நீரில் விழும் நிழலுக்கும் மட்டும் கவனத்தைத் தர முடிந்தது. நீரில் மின்னும் ஒளிக்கீற்றுகளுக்குத் தாளின் வெண்மையைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பதை வண்ணம் தொடும் முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளச் செய்தார். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது முதலிலேயே காப்பாற்றிக்கொள்ள வேண்டிய ஒன்று.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரே மேசையைச் சுற்றி நின்றதால், செய்துகாட்டும் நேரத்தில் பாதிப் பேருக்கு அவருடைய முழங்கைதான் தெரிந்தது. மேலே ஒரு கேமராவைப் பொருத்தித் திரையில் காட்டியிருந்தால் இந்தச் சிக்கலே இருந்திருக்காது. ஞாயிறு பிற்பகலில் உப்பைத் தூவிப் பொரிப்பொரியாகக் கோலம் வரவைப்பதற்கும் வண்ணம் படாமல் தாளைக் காக்கும் ரப்பர் போன்ற மாஸ்கிங் ஃப்ளூயிட் தடவி உரிப்பதற்கும் ஒன்றரை மணி நேரம் செலவானது. பார்க்க அழகாக இருந்தாலும், அந்த நேரத்தை எங்கள் குளப் படங்களைத் திருத்துவதற்குத் தந்திருக்கலாம்; படத்துக்கு இரண்டு நிமிடம் என்று அவசரமாக அது முடிந்துபோனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். கட்டணத்தில் அடங்கிய தூரிகையும் இரண்டாம் நாளே கூர் கலைந்துவிட்டது. சொந்தத் தூரிகை இருந்தால் கொண்டுபோவது நல்லது. தாளில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவில்லை. மரக்கூழ்த் தாளில் நீர் சீராக ஊறாது என்பதால், அதில் அந்த முதல் நாள் பயிற்சியைச் செய்திருந்தால் எங்களுக்கு எதுவுமே விளங்கியிருக்காது.

முன்பு நான் சேர்ந்திருந்த வேறொரு வகுப்பில், ஆசிரியர் வரைந்த படத்தையே படிப்படியாக எல்லோரும் நகலெடுத்தோம்; வீட்டுக்குக் கொண்டுவந்த படம் நன்றாகவே இருந்தது, ஆனால் அடுத்த நாள் வேறொரு படத்தைத் தனியாக வரைய முடியவில்லை. இங்கே நேர்மாறு. என் குளப் படத்தில் கோபுரம் சற்றுச் சாய்ந்துதான் நிற்கிறது. ஆயினும் அதற்குப் பிறகு வரைந்த எந்த வானத்திலும் கறை விழவில்லை. பென்சிலால் ஓரளவு வரையத் தெரிந்து, நீரிடம் தோற்றுக்கொண்டிருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். கோட்டோவியமே இனிமேல்தான் என்பவர்கள் சில மாதம் பொறுத்துப் போகலாம். அதற்கு இங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பதிவு செய்யும்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால், அரை மணி நேரம் முன்னதாகவே போய், வலக்கைக்காரரான ஆசிரியரின் இடப்பக்கமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்துதான் தூரிகையின் நுனி தெரியும்.