மேமோகிராமா, ஸ்கேனா? எடையும் சுகரும் கூடிய பெண்களுக்கு

மண்டபம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் மார்புப் பரிசோதனை என்றதும் முதலில் கேட்பது, "ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) மட்டும் பார்த்தால் போதாதா?" என்றுதான். எனக்கு ஐம்பது தாண்டி, மாதவிடாய் நின்றுவிட்டது. சுகருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், எடையும் அதிகம். மதுரைக்குப் போய், மார்பை எக்ஸ்-ரேயில் படம் எடுக்கும் மேமோகிராம்தான் எடுத்தேன். என் போன்ற உடல்வாகுக்கு அதுதான் ஏற்றது என்பேன்.

மேமோகிராமில் மார்பைத் தட்டு வைத்து அழுத்துவார்கள், சில நொடிகள் வலிக்கும். எக்ஸ்-ரே கதிர் சிறிதளவு உண்டு. ஸ்கேனில் இரண்டும் இல்லை. கீழக்கரை, தொண்டிப் பெண்கள் பலருக்குக் கூச்சம்தான் தடை. படம் எடுக்கப் பெண் ஊழியர் இருக்கிறாரா என்று போனிலேயே கேட்டுக்கொண்டு போகலாம்.

முக்கியமானது மார்பின் அடர்த்தி. மேமோகிராம் படத்தில் கொழுப்பு கறுத்துத் தெரியும், பால் சுரக்கும் சுரப்பித் திசு வெளுத்துத் தெரியும். கட்டியும் வெளுப்புதான். ஆகவே சுரப்பித் திசு நிறைந்த மார்பில் கட்டி மறைந்துவிடலாம். ரிப்போர்ட்டில் இதை ஏ, பி, சி, டி என்று நான்கு வகையாகக் குறிப்பார்கள். டி என்றால் மிக அடர்த்தி. எடை கூடியவர்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்றபின், ஏ அல்லது பி வருவதே அதிகம். எனக்கு பி. இப்படிப்பட்ட மார்பில் மேமோகிராம் நன்றாகவே காட்டிக்கொடுக்கும். தொடக்கநிலைப் புற்றுநோயின் அடையாளமாக வரக்கூடிய பொடிப் பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளையும் ஸ்கேனைவிட அதுதான் தெளிவாகப் பிடிக்கும்.

பாம்பனில் பாசி எடுக்கப் போகும் என் மதினி ஒல்லி. அவருக்கு சி வந்தது. டாக்டர் ஸ்கேனும் சேர்த்துப் பார்த்தார். அவருக்கு அது தேவைதான். ஆனால் மேமோகிராமுக்குப் பதிலாக அல்ல, அதோடு கூட.

பி என்று வந்ததும் எனக்கு ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. மாதவிடாய் நின்று சினைப்பை ஓய்ந்தபிறகும் கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் நொதி, பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். இடுப்புக் கொழுப்போடு இரத்தத்தில் இன்சுலினும் கூடும். அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பை உயர்த்துவதற்கு இவையும் காரணங்கள். படம் தெளிவாக விழுவது வேறு, நோய் வரும் வாய்ப்பு வேறு. இந்தியப் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ.க்கு மேல் போனாலே கவனிக்கச் சொல்கிறார்கள். வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்க்கிற அக்காமாரிடம் இடுப்பையும் அளக்கச் சொல்லுங்கள்.

என்னை மேமோகிராம் பக்கம் முழுதாகச் சாய்த்தது பழைய படம். ஸ்கேன் என்பது எடுப்பவரின் கையையும் கண்ணையும் பொறுத்தது. ஒருவர் பார்த்ததை அடுத்தவர் அதே கோணத்தில் பிடிப்பது கடினம். மேமோகிராமில் ஒவ்வொரு மார்பையும் குறித்த இரு கோணங்களில் எடுப்பதால் முந்தைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் புதிதாக எது முளைத்திருக்கிறது என்று பார்க்கலாம். எடையைக் குறைக்கப் பாடுபடும் பெண்களுக்கு இது இன்னும் தேவை. உடம்பு இளைத்தால் மார்பிலும் கொழுப்பு குறையும். சுரப்பித் திசு அப்படியே இருந்தாலும் அதன் பங்கு கூடுதலாகத் தெரிந்து, பி சி-யாக மாறலாம். பழைய படம் கையில் இருந்தால் டாக்டர் அதைப் புரிந்துகொள்வார், நமக்கும் வீண் பயம் இருக்காது. வேறு ஊருக்கு, வேறு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பிலிமையோ படம் பதிந்த சி.டி.யையோ கேட்டு வாங்கி, சுகர் சீட்டோடு ஒரே பையில் வையுங்கள். வெறும் ரிப்போர்ட் தாள் போதாது.

எம்.ஆர்.ஐ. நான் எடுத்ததில்லை, அதனால் அதை எடைபோட மாட்டேன். செலவு அதிகம், ஊசி மருந்தும் ஏற்றுவார்கள். மிக அடர்த்தி உள்ளவர்களுக்கும் குடும்பத்தில் நோய் வந்தவர்களுக்கும் டாக்டர் சொன்னால் பார்க்கலாம்.

மாதவிடாய் நிற்காதவர்கள் அது முடிந்த அடுத்த வாரம் போனால் வலி குறையும். அன்று அக்குளில் பவுடரோ சென்ட்டோ வேண்டாம். படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழலாம். கையில் கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் இரத்தம் கசிந்தாலோ, போன முறை ரிப்போர்ட் நன்றாக இருந்தது என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போங்கள்.