பதறிய கையையும் தாங்கும் கருவி எது? கயிற்றில் தொங்கிச் செய்யும் பணிகளுக்கான ஒப்பீடு

உயரமான கட்டடத்தின் கண்ணாடியைத் துடைப்பவர், புகைபோக்கியில் விரிசல் தேடுபவர், காற்றாலை இறக்கையைச் செப்பனிடுபவர் என எவராயினும் கயிற்றில் இறங்கி வேலை செய்பவருக்கு இரண்டு கயிறுகள் வேண்டும். ஒன்று உடல் எடையைத் தாங்கும் வேலைக் கயிறு. மற்றொன்று, அது அறுந்தாலோ இறங்கு கருவி நழுவினாலோ ஆளைப் பிடித்து நிறுத்தும் காப்புக் கயிறு. இரண்டையும் தனித்தனி நங்கூரங்களில், அதாவது கட்டடத்தில் உள்ள உறுதியான பிடிமானங்களில், கட்ட வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை. கருவிகளைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கருத்து வேறுபாடு வருகிறது. நான் ஒவ்வொன்றிடமும் கேட்பது ஒரே கேள்வி: பயத்தில் கை தவறு செய்தால் இது என்ன செய்யும்?

ஆளோடு கூடவே காப்புக் கயிற்றில் ஓடி, அவர் விழுந்தால் கயிற்றைக் கவ்வும் கருவியில்தான் இந்தக் கேள்விக்கு உயிர்மதிப்பு அதிகம். கையிருப்புப் பணம் குறைவு என்றால் முதலில் இதற்கே செலவிடுங்கள். 'ஷன்ட்' போன்ற பழைய வகைக் கருவியை ஒரு சிறு கயிற்றால் கூடவே இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும். தோளுக்கு மேலே நிறுத்தி வைத்தால் விழும் தூரம் குறையும் என்பது அதன் நற்பண்பு. ஆனால் திடீரென்று விழும் மனிதன் கையில் இருப்பதை இறுகப் பற்றுவான்; அது உடலின் இயல்பு. இழுகயிற்றையோ கருவியையோ அப்படிப் பற்றிவிட்டால் அது பூட்டிக்கொள்ளாமல் அவனோடு சேர்ந்து கீழே வழுக்கிச் செல்லக்கூடும்.

'அசாப்' போன்ற சக்கர வகை தானாகவே ஆளைப் பின்தொடரும். இறங்கும் வேகம் எல்லை மீறினால் சக்கரம் நின்று கயிற்றைக் கவ்வும்; கையால் பற்றியிருந்தாலும் கவ்வும். குறைகள் இல்லாமல் இல்லை. சேறும் எண்ணெயும் பெயிண்டும் படிந்தால் சக்கரம் ஒழுங்காக இயங்காது; ஆகவே தினமும் சுழற்றிப் பார்க்க வேண்டும். அதிர்ச்சி உறிஞ்சியுடன் (விழும் விசையை உள்வாங்கும் மடித்துத் தைத்த பட்டை) பயன்படுத்தினால், அது கிழிந்து நீளுவதற்குக் கீழே இடம் விட்டிருக்க வேண்டும். உடலில் இறங்கும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டாமல் காப்பது அந்த நீட்சிதான். இத்தனைக்கும் பிறகு நான் சக்கர வகையின் பக்கமே நிற்கிறேன். சேற்றைத் துடைத்துவிடலாம், விழும் நொடியில் கையைத் திறக்கச் சொல்லி எந்தப் பயிற்சியாலும் உறுதியாகப் பழக்க முடியாது.

இறங்கு கருவிக்கும் இதே அளவுகோல்தான். நெம்புகோலை விட்டால் நிற்பது ஒரு வகை. விட்டாலும் நிற்கும், பதற்றத்தில் அளவுக்கு மீறி இழுத்தாலும் நிற்கும் என்பது இன்னொரு வகை. இரண்டாவது சில சமயம் வேண்டாத இடத்தில் நின்று எரிச்சலூட்டும். கைதேர்ந்தவர்கள் முதல் வகையை விரும்புவது இதனால்தான். ஆனால் மாலையில் களைத்துப்போன கைக்கும் அதே தேர்ச்சி இருக்குமா? விட்டால் நிற்காத எட்டு வடிவ வளையத்துக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாது.

கயிற்றில், ஈஎன் 1891 என்ற ஐரோப்பியத் தரத்தின் ஏ வகையைச் சேர்ந்த, அதிகம் நீளாத குறைநீட்சிக் கயிறுதான் வேலைக் கயிறு, காப்புக் கயிறு இரண்டுக்கும் பொருந்தும். மலையேறுவோரின் நீளும் கயிற்றில் தொங்கி வேலை செய்தால் ஆள் ஊஞ்சலாடுவார். உடலோடு இணைக்கும் குட்டைக் கயிறுகளுக்கு அதுவே நல்லது. நைலான் அதிர்ச்சியை நன்றாக ஏற்கும், ஆனால் நனைந்தால் வலு சற்றுக் குறையும், அமிலம் அதை அரிக்கும். பாலியஸ்டர் அமிலத்தைத் தாங்கும், கடுங்காரத்துக்குத் தாங்காது. ஆகவே கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன், வேலை நடக்கும் சுவரில் என்ன ரசாயனம் தெளிக்கிறார்கள் என்று கேளுங்கள். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் இரண்டுமே உருகும்.

தலைக்கவசத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். தொழிற்சாலைத் தரமான ஈஎன் 397 கவசத்தின் தாடைப்பட்டி 150 முதல் 250 நியூட்டன் விசைக்குள் விடுபட்டுவிடும். தரையில் நடப்பவரின் கவசம் எதிலாவது சிக்கினால் கழுத்து நெரிபடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மலையேற்றத் தரமான ஈஎன் 12492 கவசத்தின் பட்டி 500 நியூட்டன் வரை தாங்க வேண்டும். கயிற்றில் தொங்குபவர் விழுந்து சுவரில் மோதினால் முதல் மோதலிலேயே கவசம் கழன்றுவிடக் கூடாது. எனவே அவருக்கு உறுதியான பட்டிதான் தேவை.

கயிற்றையும் கருவியையும் இணைக்கும் கொக்கியான காரபினர் விஷயம் எளிது: உராயும் நங்கூரத்தில் எஃகு, உடலில் சுமக்க அலுமினியம், இரண்டிலும் தானே பூட்டும் வாய்.

ஆளைக் கயிற்றோடு இணைக்க உடலில் அணியும் உடற்பட்டையில், இடுப்பிலும் தொடையிலும் மட்டும் அணிவது வேலைக்கு வசதிதான். விழுந்தால் தலைகீழாகக் கவிழும் ஆபத்து உண்டு. நெஞ்சிலும் இடுப்பிலும் இணைப்பு வளையங்கள் உள்ள முழு உடற்பட்டையையே நான் பரிந்துரைப்பேன். அசையாமல் தொங்குபவரின் கால்களில் ரத்தம் தேங்கி மயக்கம் வரலாம். அதனால் தொடைப்பட்டையின் அகலமும் மென்மையும் சொகுசுச் சங்கதிகள் அல்ல. வாங்கும் முன் தரையை ஒட்டி ஒரு கயிற்றில் தொங்கிப் பாருங்கள். சில நிமிடங்களில் கால் மரத்தால், அந்த அளவு உங்களுக்கானது அல்ல.