ரத்தக்கட்டியைக் கரைப்பதா, வெளியே எடுப்பதா?

பக்கவாதத்தில், மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் ரத்தக்கட்டியால் அடைபட்டால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியானது. எனக்கு இன்னும் மறக்காத எண் அது. அடைப்பை நீக்க இன்று இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிபிளேஸ் ஊசி. ஸ்கேன் பார்த்தபின், கையில் ஒரு ரத்தக்குழாய் கிடைத்தால் போதும், உடனே தொடங்கலாம். 1995-இல் வந்த அமெரிக்க ஆய்வு, அறிகுறி தொடங்கி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று காட்டியது. 2008-இல் அந்த வரம்பு நாலரை மணி நேரமாக நீண்டது. ஆபத்தும் சிறியதல்ல. முதல் ஆய்வில் ஊசி போட்டவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மூளையில் ரத்தக்கசிவால் நிலைமை மோசமானது. போடாதவர்களில் அது 0.6 சதவீதம்தான். அதனால்தான் ஸ்கேன் பார்க்காமல் போடுவதே இல்லை. பெரிய கட்டிகளை இந்த மருந்து பல நேரம் கரைப்பதும் இல்லை.

அங்கேதான் இரண்டாவது வழி முந்துகிறது: தொடையின் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியையே இழுத்து எடுப்பது. 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 500 நோயாளிகள். பிறர் உதவியின்றி வாழும் நிலைக்கு மீண்டவர்கள் இந்தச் சிகிச்சையில் 32.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 19.1. பின்னர் 2018-இல், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட இது உதவும் என்று தெரிந்தது. ஆனால் சிறிய ரத்தக்குழாய்களுக்கு இது பொருந்துவது அரிது. பயிற்சி பெற்ற குழுவும் வேண்டும்.

இன்னொன்று: அந்த 500 பேரில் பெரும்பாலானோர் முதலில் ஊசியும் போட்டுக்கொண்டவர்களே.