இடுப்பில் ஒரு பாட்டரி: தண்டுவட ஸ்டிமுலேட்டர் எப்படி இருக்கிறது?

தீராத நரம்பு வலிக்காக உடம்புக்குள் வைக்கும் கருவிதான் தண்டுவட ஸ்டிமுலேட்டர். எனக்கும் வைத்திருக்கிறார்கள். புடவை கட்டுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பாட்டரியை எங்கே வைக்கப்போகிறார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். பிட்டத்தின் மேல்பக்கத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் விலாவுக்குக் கீழே. பாவாடை நாடா வரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டுதான் நான் போனேன். டாக்டர் சிரித்தார். ஆனாலும் கோட்டுக்கு நன்றாகக் கீழே தள்ளித்தான் வைத்தார். லண்டனில் இதையெல்லாம் நாமே கேட்டால்தான் உண்டு.

டிஸ்க் ஆபரேஷன் முடிந்தும் என் இடது காலில் எரிச்சல் போகவில்லை. முதுகுவலியும் கூடவே. மாத்திரை, ஊசி, பிசியோ எதிலும் தீரவில்லை, கடைசியில் பெயின் கிளினிக். இங்கே அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில், எந்தச் சிகிச்சையைத் தரலாம் என்று சொல்லும் நைஸ் அமைப்பு 2008இல் வகுத்த விதிப்படிதான் இதைத் தருகிறார்கள். நரம்பு சார்ந்த வலியாக இருக்க வேண்டும், மற்ற சிகிச்சை பார்த்த பிறகும் ஆறு மாதமாவது வலியின் அளவு 100க்கு 50க்குக் குறையாமல் இருக்க வேண்டும், தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் ட்ரையலிலும் பலன் தெரிய வேண்டும்.

பிரசவத்துக்கு எபிடூரல் ஊசி போடுகிறார்களே, முதுகெலும்புக்குள் அதே இடைவெளியில் மெல்லிய கம்பிகளை நுழைத்து, அதன் வழியாகச் சிறிய அளவில் கரென்ட் விடுகிறார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்தால் வலி மட்டுப்படுகிறதல்லவா, அதுதான் இதன் அடிப்படை. தொடு உணர்வைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழைகளைத் தூண்டினால், வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகளின் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படும் என்று மெல்ஸாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965இல் எழுதினார்கள். இரண்டே வருடத்தில், 1967இல், அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற டாக்டர் ஒரு புற்றுநோயாளிக்கு இதைப் பொருத்திவிட்டார். கரென்ட் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இப்போது வேறு விளக்கங்களும் சொல்கிறார்கள்.

ட்ரையலின்போது கம்பி மட்டும் உள்ளே, பெட்டி வெளியே பெல்ட்டில். குளிக்க முடியாது, குனியக் கூடாது. வீட்டில் படுத்தே கிடந்தால் ஒன்றும் தெரியாது என்பதால் ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் காய்கறி வாங்க வேண்டுமென்றே நடந்து போனேன். கால் எரிச்சல் பாதிக்கு மேல் குறைந்தது. முதுகு அப்படியேதான் இருந்தது. நிரந்தரமாகப் பொருத்திய பிறகும் கணக்கு மாறவில்லை. முதுகுவலிக்காக மட்டும் இதை வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் இந்த இடத்தில் ஒருமுறை யோசியுங்கள்.

என்னுடையது சுருசுருவென்று உணர்வு தரும் பழைய ரகம். உட்கார்ந்திருக்கும்போது இதமாக இருப்பது, மல்லாந்து படுத்ததும் காலில் சுளீரென்று இழுக்கும். படுக்கும்போது தண்டுவடம் கம்பிக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் அப்படி. ரிமோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்து, படுப்பதற்கு முன் குறைத்துவிட வேண்டும். கார் ஓட்டும்போது நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார்கள். துணிக்கடை வாசலில் திருட்டைப் பிடிக்கும் கேட் இருக்குமே, அதன் நடுவில் நின்று கதை பேசாதீர்கள். உள்ளே இருக்கும் பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பெல்ட் புடவைமேல் வழுக்கிக்கொண்டே போகிறது, நைட்டி போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தால்தான் ஒழுங்காக ஏறும். இந்த பெல்ட்டை வடிவமைத்தவர் இதைக் கட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்.

இனி என் மகள் கேட்ட கேள்வி: "அம்மா, இது நிஜமாகவே வேலை செய்கிறதா, இல்லை மனசுதானா?" நியாயமான கேள்விதான். என்னைப் போல ஆபரேஷனுக்குப் பின் கால்வலி தீராத 100 பேரை வைத்து 2007இல் வந்த ஆய்வில், ஆறு மாதத்தில் கால்வலி பாதியாவது குறைந்தவர்கள் ஸ்டிமுலேட்டர் வைத்தவர்களில் 48 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 9 சதவீதம். கருவி செய்யும் கம்பெனிதான் பணம் கொடுத்தது. தவிர, கரென்ட் ஓடுவது உடம்புக்கே தெரியும்போது யாரை ஏமாற்றிச் சோதிப்பது? அதனால்தான் நார்வேயில் டிரான்ட்ஹைமில் கரென்ட்டைக் கொத்துக் கொத்தாக விட்டுவிட்டு அனுப்பும், உணர்வே தெரியாத பர்ஸ்ட் ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். 50 பேருக்கு மூன்று மூன்று மாதமாக மாற்றி மாற்றிக் கரென்ட் விட்டும், விடாமலும் பார்த்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் கொஞ்சம் தேறினார்கள். இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! அதைப் படித்த அன்று எனக்கு முகம் வாடிவிட்டது உண்மை. ஆனால் அது என் ரகம் இல்லை. சார்ஜ் தீர்ந்துபோனால் எனக்கு எரிச்சல் திரும்பி வருகிறது. இது நிரூபணம் ஆகாது என்பதும் தெரியும். இருந்தாலும் எடுத்துவிடச் சொல்ல மாட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு: கருவி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். திருச்சியில் தோள் வலிக்கிறது என்று போன இடத்தில் பிசியோ பையன் உடம்புக்குள் சூடேற்றும் ஷார்ட்வேவ் டயாதெர்மி வைக்க வந்துவிட்டான். கருவி உள்ளே இருப்பவர்களுக்கு அது கூடவே கூடாது. கம்பி சூடாகி நரம்பையே கெடுத்துவிடும். தோளில் வைத்தாலும் அதே ஆபத்துதான். எம்ஆர்ஐ என்றாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். எல்லாக் கருவிக்கும், எல்லா மெஷினுக்கும் ஒத்துவராது.

அங்கே இருந்தபோதுதான் என் கொழுந்தனார் போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அவருக்கு நடையைக் கெடுக்கும் பார்க்கின்சன்ஸ் நோய், வாசற்படி தாண்டும்போது கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "அண்ணி, உங்களுக்கு வைத்ததுதானே இது? எனக்கும் கேட்டுச் சொல்லுங்களேன்." சுவிட்சர்லாந்தில் லொசானில் கூர்த்தீன், பிளாக் என்ற ஆராய்ச்சியாளர்கள் 2023இல் வெளியிட்டது அது. காலில் சென்சார் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் ஏற்றபடி தண்டுவடத்தைத் தூண்டுகிறார்கள், நோயாளி தடுமாறாமல் நடக்கிறார். ஆனால் அந்த ஆய்வில் இருந்தது ஒரே ஒருவர். கனடாவில் 2018இல் பார்க்கின்சன்ஸ் வந்தவர்களுக்கு என்னுடையது மாதிரி வலிக் கருவியை வைத்துப் பார்த்ததிலும் ஐந்தே பேர்தான். என் பெட்டிக்கு நடை தெரியாது, ஆன், ஆஃப், கூட, குறைய மட்டும்தான் தெரியும் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்புறம் மகனிடம் லொசானுக்கு டிக்கெட் எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாராம்.