மெஸ் மாடியில் டியூப் சோலார் ஹீட்டர்

பொள்ளாச்சியில் நாங்கள் நடத்தும் மெஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் குழம்புச் சட்டியும் வடைச் சட்டியும் குவிந்துவிடும். அந்த எண்ணெய்ப் பிசுக்குக்கு வெந்நீர் போட்டே கேஸ் கரைந்தது. அதற்காகத்தான் 200 லிட்டர் டியூப் வகை சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கினோம். கோடையையும் ஆடி மாதத்தையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: எனக்கு மனசு நிறைந்த திருப்தி.

கடைக்குப் போனால் எல்லோரும் டேங்க்கைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள். குழாயைப் பாருங்கள், வேலையெல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குழாய், நடுவில் வெற்றிடம், உள்குழாயின் மேல் கறுப்புப் பூச்சு. வெயிலை வாங்குவதற்குச் சாதாரணக் கறுப்பு பெயின்டே போதும். ஆனால் சூடேறியதும் அது வாங்கியதில் நிறைய அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுவிடும். அலுமினியம் நைட்ரைடு கலந்த இந்தப் பூச்சு, விழும் வெயிலில் 90 சதவீதத்துக்கு மேல் வாங்கிக்கொள்ளும், திருப்பி விடுவது ரொம்பக் குறைவு. வெற்றிடம் இருப்பதால் காற்று வழியாகவும் சூடு போகாது. உச்சி வெயிலில் வெளிக்கண்ணாடியைத் தாராளமாகத் தொடலாம்; அதே நேரம் கீழே சமையல்கட்டில் பைப்பைத் திறந்தால் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. மோட்டாரும் கிடையாது. சூடான தண்ணீர் தானாக டேங்க்குக்கு ஏறும், குளிர்ந்தது குழாய்க்குள் இறங்கும். கரன்ட் போனாலும் வேலை நிற்காது.

குழாயின் அடிமுனை வெள்ளி முலாம் பூசியதுபோலப் பளபளக்கும். அது பேரியம், வெற்றிடத்தில் மிச்சமிருக்கும் வாயுவைப் பிடித்துக்கொள்ளும். காற்று புகுந்தால் அந்த இடம் வெளுத்துவிடும். எங்களுக்கு வந்த குழாய்களில் ஒன்று அப்படி வெளுத்திருந்தது. காட்டினேன், மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

குறை என்றால் மாட்டிய விதம். வெந்நீர் பைப்புக்கு உறை சுற்றாமலே போய்விட்டார்கள். வெயிலில் சேர்த்த சூட்டை மாடியிலிருந்து சமையல்கட்டுக்கு வருகிற வழியில் இழப்பது வயிற்றெரிச்சல். அப்புறம் நாங்களே ஃபோம் வாங்கிச் சுற்றினோம். நீங்கள் விலை பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

ஆடி மாதம் மேகம் மூடினால் வெதுவெதுப்போடு சரி. மேகத்தில் சிதறி வரும் ஒளியையும் குழாய் வாங்கும், ஆனால் வடைச் சட்டிக்கு அது பற்றாது, அன்றைக்கு அடுப்புதான்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கிற வீட்டுக்கும் இந்த வகையைத்தான் சொல்வேன். செம்புக் குழாய் வைத்த தட்டு வகையில் உப்பு படிந்து அடைத்தால் சுத்தம் செய்வது பெரிய பாடு. இதில் குழாயைக் கழற்றிக் கழுவலாம். கழுவி மாட்டியதும் வெயில் ஏறிய நேரத்தில் மட்டும் தண்ணீர் விடாதீர்கள். வெறும் குழாய் 200 டிகிரிக்கு மேல்கூடப் போகும், பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். விடியற்காலையில் நிரப்புங்கள்.