பழுப்புக் கறைக்கு ஒன்று, வெள்ளைத் திட்டுக்கு வேறொன்று

நான் தருமபுரிக்காரன். சின்ன வயதில் குடித்த போர்வெல் தண்ணீரின் ஃபுளோரைடு முன்பற்களில் பழுப்பாகத் தங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் வந்த புதிதில், இந்நாட்டின் பிலானஸ்பர்க் மலைப் பக்கத்துச் சக ஊழியர் ஒருவர் சிரித்தார்; அச்சு அசல் எங்கள் ஊர்ப் பல்! அங்கேயும் பாறையிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இறங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியாவில் வளர்ந்த என் மகளுக்கு வேறு கதை. கிளிப் போட்டிருந்தபோது சரியாகத் துலக்கவில்லை. கழற்றியதும் சுண்ணாம்பு தெறித்தது போல வெள்ளைத் திட்டுகள்.

முதலில் பார்த்த பல் மருத்துவர் இருவருக்கும் வெனீர், அதாவது பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு, என்றார். அதற்குப் பெரும்பாலும் பல்லை ராவ வேண்டும். ராவிய எனாமல் (பல்லின் கடினமான மேல்படலம்) திரும்ப வளராது. பதினான்கு வயதுப் பல்லுக்கு என்ன அவசரம் என்று எழுந்து வந்துவிட்டோம்.

பிளீச்சிங் சுற்றியுள்ள பல்லை வெளுத்து, திட்டைக் கொஞ்சம் கண்ணுக்குப் படாமல் செய்யும். திட்டு அங்கேயேதான் இருக்கும்.

மைக்ரோஅப்ரேஷன், குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது மாதிரி. புளிக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் (ஒரு வகைப் பசையில் 6.6 சதவீதம்) சிலிக்கன் கார்பைடு தூளும். போவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு எனாமல். கறை மேலோடு இருந்தால் போகும், ஆழத்தில் இருந்தால் தேய்த்துப் பயனில்லை. எனக்குப் பழுப்பு போய்விட்டது. அடியில் லேசான வெளுப்பு மட்டும் மிச்சம்.

மகளுக்கு ரெசின் ஊடுருவல். ரெசின் என்பது ஒளி பட்டால் இறுகும் பிளாஸ்டிக் திரவம். ஜெர்மனியின் டிஎம்ஜி நிறுவனம் 2009இல் ஐகான் என்ற பெயரில் கொண்டுவந்தது. சமோசா வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடி போல ஆகுமே, அதே வித்தைதான். வெள்ளைத் திட்டு என்பது தாது கரைந்து நுண்துளை விழுந்த எனாமல். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் எனாமலுக்கு 1.62, துளைக்குள் இருக்கும் நீருக்கு 1.33, காற்றுக்கு 1. அதனால் ஒளி சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. 1.52 உள்ள ரெசின் அங்கே நிரம்பியதும் திட்டு பல்லோடு கலந்துவிடும்.

15 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை இரண்டு நிமிடம் வைத்து மேற்பரப்பைத் திறக்கிறார்கள். பிறகு எத்தனாலால் உலர்த்தி, மூன்று நிமிடம் ரெசினை ஊறவிட்டு, நீல ஒளியில் இறுக வைக்கிறார்கள். டிரில் கிடையாது. எத்தனால் படும்போதே திட்டு மங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். மங்காவிட்டால் மறுபடி அமிலம். இதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் பழுப்புக்கு இது உதவாது, நிறத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிவிடும். எனக்கு இதைச் செய்திருந்தால் காசு வீண்.

இரண்டுமே அழகுக்கானவை என்று எங்கள் மெடிக்கல் எய்ட் (இங்கே மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) ஒரு சென்ட் தரவில்லை. மகளின் கோரைப்பல்லில் ஒரு திட்டு பாதிதான் மறைந்தது. இன்னொரு முறை போகலாமா என்றேன். “அது இருக்கட்டும்ப்பா” என்றுவிட்டாள்.