டைகர் அண்ட் ரோஸா, எடர்னல் லவ்வா?

இரண்டுமே குறைந்த செலவில் எடுத்த சீனத் தொடர்கள்தான், இரண்டிலும் இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி ராஜா காலத்துக்குள் போய் மாட்டிக்கொள்கிறாள். ஆனால் 2020இல் வந்த 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்' தான் என் கட்சி. கதை எழுதுகிறவளே தன் கதைக்குள் விழுந்து, மூன்றாவது எபிசோடிலேயே சாக வேண்டிய இளவரசியாக முழிக்கிறாள், அதுவும் பெண்கள் ஆண்டு ஆண்கள் அடங்கிக் கிடக்கும் ஊரில். உயிர் பிழைக்க அவள் ஏதாவது செய்யப்போக, கொல்ல வந்தவனே காதலில் விழுகிறான். நாயகி சாவோ லூசியின் திருட்டு முழிக்காகவே 24 எபிசோடும் ஓடிவிடும்.

2017இன் 'தி எடர்னல் லவ்' ஒரே உடம்பில் இரண்டு பெண்கள் என்று ஆரம்பிக்கிறது. நல்ல கற்பனைதான், முதல் பாதி சிரிப்பும்கூட. அப்புறம் அரண்மனைச் சதி புகுந்து இழுக்கிறது, செட்டும் உடையும் ஏழ்மையை மறைக்கவே இல்லை (டைகரிலும் அப்படித்தான், ஆனால் கதைக்குள் கதை என்பதால் அங்கே உறுத்தாது). நாயகன் நாயகி ஜோடிப் பொருத்தம் மட்டும் இதில்தான் ஒரு படி மேல், அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அழுகையும் கொஞ்சம் வேண்டும் என்பவர்கள் இதையே பார்க்கலாம்.